ஆஃபா மன்னரின் பொற்காசு

பண்டை ஆங்கிலப் பாவலர் வேந்தனை 'வளையம் வழங்குவோன்' எனப் போற்றினர். பொன் ஈதல் அவன் கடன். அவன் பொருட்டுக் களத்தில் உயிர் ஈதல் வீரர் கடன். அத்தகைய மரபில் வந்து, 757 முதல் 796 வரை மெர்சியாவை ஆண்ட ஆஃபாவின் பொற்காசொன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்பாசியக் கலீபா அல்மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. ஒருபுறம் ஏகத்துவ முழக்கம். மறுபுறம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயர் தாங்கிய வரிகளுக்கிடையே இலத்தீனில் 'மன்னர் ஆஃபா'!

இதைக் கொண்டு அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என நம்மவருட் சிலர் மகிழ்வதுண்டு. ஆனால் அரபு எழுத்தில் பிழைகள் உள. மன்னர் பெயரோ அதற்குத் தலைகீழாக நிற்கிறது. பொறித்தவர் அரபு அறியார் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? லிச்ஃபீல்டைப் பேராயர் பீடமாக உயர்த்தச் செய்தவரும் அவரேயன்றோ!

இல்லாத பெருமை நமக்கு எதற்கு? கொடையே மாண்பெனப் பாடிய அந்நாட்டிலும் பொன் நாணயத்துக்குக் கலீபாவின் தீனாரே முன்மாதிரியாயிற்று. இவ்வுண்மையே நமக்குப் போதுமானது.