மலை காட்டும் பொய்க் கணக்கு

பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அடிவாரம் கல்லாறு. பெயருக்கேற்ப உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓடும் ஆறு, சாலையோரத்தில் சாயா, சுற்றிலும் காடு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியே வரும் பெட்ரோல் வண்டிக்காரருக்கு இது ஓய்விடம். மின்சார மோட்டார் சைக்கிளில் வருபவருக்கோ கணக்குப் பாடம் தொடங்கும் இடம்.

வண்டியும் ஆளும் 200 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயரம் ஏற எடையைத் தூக்க மட்டுமே அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். ரிவோல்ட் ஆர்.வி.400-இன் பேட்டரி கொள்ளளவே 3.24 யூனிட்தான். இறக்கத்தில் பல வண்டிகளில் மோட்டாரே டைனமோவாகி ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. உச்சியிலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது.

செங்கோட்டைப் பக்கம் ஊர் திரும்புபவருக்கு இரண்டு வழிகள். பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை வழி குறுகியது. ஆனால் காடு, பிறகு ஆரியங்காவு ஏற்றம். நாகர்கோவில், திருநெல்வேலி சுற்றுவழி நீளம்; ஆனால் ஊர்கள் நெருக்கம். கேரள மின் வாரியம் மின்கம்பங்களிலேயே இருசக்கர வண்டிகளுக்கு சார்ஜ் வசதி அமைத்திருப்பதும் உதவி.

ஆபத்து வேறிடத்தில். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைப் பல வண்டிகள் சற்றுமுன் ஓடிய விதத்தை வைத்தே கணிக்கின்றன. பொன்முடியிலிருந்து உருண்டு வந்த வண்டி கல்லாறில் தாராளமான எண்ணைக் காட்டும். அதை நம்பிக் காட்டு வழி பிடிப்பவருக்கு, உண்மை ஆரியங்காவு ஏற்றத்தில் தெரியும். பார்க்கவேண்டியது கிலோமீட்டரை அல்ல, பேட்டரியில் மீதமுள்ள சதவீதத்தை.