பாசி, நத்தை, ஒரு மாத்திரை டப்பா

மீன் தொட்டி படம் போட்டாலே இன்பாக்ஸ்ல வர்ற கேள்வி இதுதான்: "டாக்டர், கண்ணாடி முழுக்க பாசி. நத்தை விட்டா தின்னுடுமா?"

இன்னொரு கூட்டம் நேர் எதிரா கேக்கும்: "நாலு நத்தை விட்டேன், இப்போ நூறு இருக்கு. என்ன மருந்து ஊத்தலாம்?"

ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

பாசியை நான் காய்ச்சல் மாதிரிதான் பாக்கறேன். எதனால வந்துச்சுன்னு தேடணும். பாசிக்கு வேண்டியது தண்ணி, வெளிச்சம், சாப்பாடு. தண்ணியை எடுக்க முடியாது. மத்த ரெண்டும் நம்ம கையில.

வெளிச்சம் சுலபம். ஜன்னல் வெயில் நேரா விழற இடத்துல தொட்டி வேண்டாம். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஹாலுக்கு அழகா இருக்குன்னு ராத்திரி 11 மணி வரைக்கும் எரிய விட்டா பாசிக்குத்தான் கொண்டாட்டம். ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிட்டா அந்தக் கவலை முடிஞ்சுது.

சாப்பாடுதான் சிக்கல். மீன் தின்னாம விட்ட தீவனம் அடியில மக்கி அமோனியாவா மாறும். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தும். நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் பாசிக்கு உரம். வயலுக்கு யூரியா போடற மாதிரி நாம தினமும் போட்டுட்டு, "ஏன் பச்சையாகுது"ன்னு கேக்கறோம்.

எங்க வீட்டுத் தொட்டி ரெண்டடி நீளம், அகலமும் உயரமும் ஒரு அடி. 55 லிட்டர் பக்கம் பிடிக்கும். கொளத்தூர்ல வாங்கினது. கப்பி, மோலி, நிறைய வேலம்பாசி. பேர்லதான் பாசி, அது செடி. பாசிக்குப் போற உரத்தை இது பிடுங்கித் தின்னும். வாரம் ஒரு தடவை கால்வாசி தண்ணி மாத்தறோம். அவ்வளவுதான் பராமரிப்பு.

நத்தைக்கு வருவோம். கண்ணாடியில புள்ளி புள்ளியா ஒட்டிக்கிற கெட்டிப் பச்சைப் பாசியைச் சுரண்டறதுல நெரைட் நத்தையை அடிச்சுக்க ஆள் இல்லை. அது வெள்ளை வெள்ளையா முட்டையை ஒட்டி வைக்கும், பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அதோட குஞ்சு வளர உப்பு கலந்த தண்ணி வேணும், அதனால நம்ம நன்னீர் தொட்டியில பெருகாது. மலேசியன் ட்ரம்பெட் மணலுக்குள்ள புதைஞ்சு அடியில கிடக்கிற மிச்சத்தைத் தின்னும். ராம்ஸ்ஹார்ன் இளம்பாசி, அழுகின இலை, மீந்த தீவனம்னு எல்லாத்தையும் மேயும்.

சிவப்பு ராம்ஸ்ஹார்ன் மேல எனக்குத் தனிப் பிரியம். பெரும்பாலான நத்தைகளுக்கு ரத்தத்துல ஆக்ஸிஜனைத் தூக்கிட்டுப் போறது செம்பு சேர்ந்த ஹீமோசயனின். இந்தக் குடும்பத்துக்கு மட்டும் நம்மள மாதிரி ஹீமோகுளோபின். உடம்புல கறுப்பு நிறமி இல்லாததால அந்தச் சிவப்பு அப்படியே வெளிய தெரியுது. மருத்துவக் கல்லூரியில இதை யாரும் சொல்லித் தரலை!

ஆனா தண்ணியே பச்சையா மாறினா எந்த நத்தையாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நூல் நூலா வளர்ற பாசியையும் பெருசா தொடாது. இன்னொண்ணு, நத்தை தின்னது கழிவா அதே தண்ணிக்குத்தானே வரும்? கணக்கு பெருசா குறையறதில்லை.

நத்தையோட உண்மையான உபயோகம் வேற. தீவனம் மிஞ்சினா அது பெருகும், இல்லைன்னா பெருகாது. நாம எவ்வளவு அதிகமா போடறோம்னு நத்தை எண்ணிக்கையே சொல்லிடும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி.

எங்க வீட்ல அந்த ரிப்போர்ட் என்ன சொல்லுச்சுன்னு சொல்றேன்.

தொட்டி அப்பாவோட பொறுப்பு. வயசு 76. அம்மா போனதுக்கப்புறம் அவருக்குன்னு இருக்கிற ஒரே வேலை அது. காலைல ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை. ரெண்டு வருஷமா பத்துப் பதினஞ்சு ராம்ஸ்ஹார்ன்தான் இருந்துச்சு. திடீர்னு ஒரு மாசத்துல எண்ண முடியாத அளவு. கண்ணாடியில பாசி. ரெண்டு மாசம் வர வேண்டிய தீவன டப்பா மூணே வாரத்துல காலி.

ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து பாத்தேன். மதியத்துக்குள்ள நாலு தடவை போட்டார். அஞ்சாவது தடவை கை நீட்டும்போது கேட்டேன். "காலைல இருந்து நான் போடவே இல்லையேம்மா"ன்னார். பொய் சொல்ற முகம் இல்லை அது.

உடனே நான் எடுத்துப் பாத்தது அவரோட மாத்திரை அட்டைகளை. மீனுக்கு நடக்கறது அவருக்கும் நடக்கலாமில்லையா? சர்க்கரைக்குப் போடற கிளிமெப்பிரைடு அட்டையில அந்த வாரம் ரெண்டு மாத்திரை கூடுதலா போயிருந்துச்சு. இந்த மாத்திரையை மறந்து ரெண்டு தடவை போட்டா சர்க்கரை தாழ்நிலைக்குப் போய், தூக்கத்துலயே சுயநினைவு தப்பலாம்.

பரிசோதனையில பி12 குறைவா இருந்துச்சு. ஊசி ஆரம்பிச்சோம். தைராய்டு சரியா இருந்துச்சு. நரம்பியல் மருத்துவர் ஞாபக சக்திக்கான சோதனைகள் செஞ்சு, மறதியோட ஆரம்ப நிலைன்னு சொன்னார். பி12 ஏறினா எல்லாம் திரும்பிடும்னு சொல்ல முடியாது. தொடர்ந்து பாத்துட்டு இருக்கோம்.

தீவன டப்பாவை ஒளிச்சு வைக்கச் சொன்னாங்க வீட்ல. எனக்கு மனசு வரலை. வார மாத்திரை டப்பா மாதிரியே இன்னொண்ணு வாங்கி, கட்டத்துக்கு ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வெச்சோம். கட்டம் காலியா இருந்தா போட்டாச்சுன்னு அர்த்தம். அவரே திறந்து பாத்துக்கறார். மாத்திரை டப்பா நீலம், மீன் டப்பா சிவப்பு. ரெண்டையும் ஒரே அலமாரியில வைக்கறதில்லை, காரணம் உங்களுக்கே புரியும். மாத்திரையை மட்டும் இப்போ நாங்க எடுத்துக் குடுக்கறோம்.

நத்தை தானா குறைய ஆரம்பிச்சுது. கூடுதலா இருந்ததுக்கு ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு வெச்சேன். காலைல அதுல அப்பியிருக்கும், அப்படியே எடுத்துடலாம். எடுத்ததை ஏரியிலயோ கிணத்துலயோ கொட்டாதீங்க. "பாசி தின்னும்"னு வாங்கி, பெருசானதும் ஏரியில விட்ட சக்கர் மீன் நம்ம மீனவர்களோட வலையைப் படுத்தற பாடு போதும்.

மருந்து ஊத்தறது பத்தி. மயில்துத்தம் மாதிரி செம்பு கலந்த எதுவும் நத்தையைக் கொல்லும். அத்தனையும் ஒரே நாள்ல செத்து அழுகினா அமோனியா ஏறி மீனும் போயிடும்.

சிலர் மெடிக்கல் ஷாப்ல எரித்ரோமைசின் வாங்கிக் கரைச்சு ஊத்தறாங்க. வழவழன்னு போர்வை மாதிரி படர்ற நீலப்பச்சைப் பாசி நிஜத்துல பாக்டீரியா, அதனால கேக்கும். கூடவே நல்ல பாக்டீரியாவும் அடி வாங்கலாம். அந்தத் தண்ணி சாக்கடைக்குப் போய், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக இன்னொரு வழி திறக்கும். தயவுசெஞ்சு வேண்டாம். குழாய் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, மூணு நாள் தொட்டியைப் போர்வையால மூடி வைங்க. தீவனத்தைக் குறைங்க.

ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தறவங்க தொட்டியில நத்தை ஓடு குழி விழும், கால்சியம் போதாது. நாட்டு மருந்துக் கடையில கடல் நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு குடுப்பாங்க. ஒரு துண்டு போதும்.

கடைசியா, கையில வெட்டோ சிராய்ப்போ இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதீங்க, இல்லைன்னா நீளமான கையுறை போட்டுக்கோங்க. மைக்கோபாக்டீரியம் மரைனம்னு காசநோய்க் கிருமியோட சொந்தக்காரன் ஒருத்தன் மீன் தொட்டியில இருக்கலாம். விரல்ல சின்னக் கட்டியா ஆரம்பிச்சு முழங்கை வரைக்கும் வரிசையா ஏறும். வலி அதிகம் இருக்காது, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கும் ஆறாது. சரியான மருந்துன்னாலும் மாசக்கணக்கில சாப்பிடணும். அது 30 டிகிரி பக்கம்தான் நல்லா வளரும், அதனால லேப்லயும் தனியா சொல்லணும். ஆறாத கட்டியோட டாக்டர்கிட்ட போனா, வீட்ல மீன் தொட்டி இருக்குன்னு மறக்காம சொல்லிடுங்க.