லண்டனில் பதினோரு நாள்

கோடை விடுமுறை வந்தால் உபாத்தியாயர்கள் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று உண்டு. மாமனார் வீட்டுக்குப் போகலாம்; வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்; இல்லாவிட்டால் பரீட்சைப் பேப்பர் திருத்தலாம். சென்ற மே மாதம் இம்மூன்றையும் ஒத்திப்போட்டுவிட்டு, நானும் என் சகதர்மிணியும் லண்டன் மாநகருக்குப் பதினோரு நாள் யாத்திரை போய் வந்தோம்.

"அந்த ஊரில் உங்களுக்கு என்னப்பா வேலை?" என்று உறவினர்களில் பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. நம்மை ஆண்டவர்களின் ராஜதானியை எந்த மனத்துடன் பார்ப்பது? ஆவென்று வாய் பிளந்து பார்த்தால் அது அடிமை மனம். எல்லாம் நம்மிடம் கொள்ளையிட்டதுதானே என்று முகத்தைத் திருப்பிக் கொண்டால், டிக்கெட்டுக்குச் செலவழித்த பணம் வீண். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பார்வை உண்டா என்பதைக் கண்டுகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்தது. சரித்திரம் போதிப்பவனுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லண்டனின் பாதி பூமிக்கு மேலே இருக்கிறது. மறுபாதி பாதாளத்தில் ஓடுகிறது. உலகத்தின் முதல் பாதாள ரயில் 1863-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கேதான் பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை ஓடிற்று. நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடி அப்போது ஏழு வருஷங்கூட ஆகவில்லை. மின்சாரம் இல்லாத அக்காலத்தில், சுரங்கத்துக்குள் நீராவி எஞ்சின் புகை கக்கிக்கொண்டு போயிற்றாம். அதில் ஏறிய பிரயாணிகளின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

இந்த ரயில் பாதைகளுக்கு ஹாரி பெக் என்பவர் வரைந்த படம் 1933-ல் வெளியாயிற்று. தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், எல்லாப் பாதைகளையும் நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் அமைத்துவிட்டார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை ஆராய்ந்துகொண்டிருக்கையில் என் மனைவி, "இதென்ன பிரமாதம்? புள்ளி வைத்துக் கோடு இழுத்த கோலந்தானே!" என்றாள். இரண்டாம் நாள் முதல் வழிகாட்டும் பொறுப்பு அவளிடம் போய்விட்டது.

அங்கே மே மாதக் கடைசியில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குத்தான் அஸ்தமிக்கிறான். "விளக்கேற்றின கையோடு படுக்கையைப் போட வேண்டியதுதான்" என்று அவள் சிரித்தாள்.

பார்லிமெண்டு மாளிகைக்கு எதிரே ஒரு சதுக்கம். அதில் ராஜதந்திரிகளின் சிலைகள் பல. 1973-ல் வைத்த சர்ச்சிலின் சிலை உயர்ந்த பீடத்தின் மேல் கைத்தடியுடன் நிற்கிறது. அதே சதுக்கத்தில், தாழ்ந்த பீடத்தில் சால்வை போர்த்து நிற்கிறார் காந்தியடிகள். இந்தச் சிலை 2015-ல் வைக்கப்பட்டது. அரை நிர்வாணமாக வைஸ்ராய் மாளிகையின் படியேறும் பக்கிரி என்று 1931-ல் மகாத்மாவை ஏளனம் செய்தவர் இந்தச் சர்ச்சில்தான். ஏளனம் செய்தவரையும் செய்யப்பட்டவரையும் ஒரே புல்தரையில் நிறுத்தி வைத்திருக்கிறது காலம். மகாத்மாவின் காலடியில் யாரோ மலர் வைத்திருந்தார்கள்.

அதே 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த காந்தியடிகள் பெரிய ஹோட்டல் எதிலும் இறங்கவில்லை. ஊரின் கிழக்கே ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில், மியூரியல் லெஸ்டர் என்ற மாதரசியின் விருந்தினராகக் கிங்ஸ்லி ஹால் என்னும் சேவா நிலையத்தில் தங்கினார். அங்கும் போனோம். ஆடம்பரமற்ற செங்கல் கட்டடம்; சுவரில் ஒரு நீல வட்டப் பலகை. அவ்வளவுதான்.

ஹைகேட் என்னும் மேட்டுப் பகுதியில் இன்னொரு வீடு. 1905-ல் சியாம்ஜி கிருஷ்ணவர்மா ஸ்தாபித்த 'இந்தியா ஹவுஸ்' அது. பாரிஸ்டர் பரீட்சைக்காக வந்த வரகனேரி வ.வே.சு. ஐயர் இங்கே தேசபக்தர்களுடன் சேர்ந்தார். ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். 1910-ல் மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். தெருவில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி நாயை அழைத்துக்கொண்டு போனார். எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். நாங்கள் எதற்காக அந்த வீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று அவருக்குத் தெரிந்திராது.

கியூ தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். ரோஜாவைப் பார்க்கப் போனவர்கள் ரப்பரில் வந்து நின்றோம். 1876-ல் பிரேஸில் தேசத்திலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. முளைத்த நாற்றுகளைச் சிலோனுக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். பின்னர் மலேயாவில் ரப்பர் தோட்டங்கள் காடாக வளர்ந்தபோது, மரத்தைக் கீறிப் பால் எடுக்க நம் தமிழ்நாட்டு ஏழைகள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். "ஒரு கூடை விதை இத்தனை குடும்பங்களை வேரோடு பிடுங்கி நட்டுவிட்டதே!" என்றாள் அவள். நான் வகுப்பில் அரைமணி நேரம் சொல்லும் பாடம் அது.

கடைசியாகப் பிரிட்டிஷ் ம்யூஸியம். 1759 முதல் பொதுஜனங்களுக்குத் திறந்திருக்கும் இந்தக் கலாசாலையின் நிரந்தரக் கூடங்களில் நுழையக் கட்டணம் கிடையாது. ஒரு பக்கத்தில், கண்ணாடிச் சுவருக்குள், அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கிருஷ்ணா நதிக்கரைச் சிற்பிகள் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய மாணிக்கங்கள் அவை. முழு ஸ்தூபியின் உருவத்தையே செதுக்கிய ஒரு பலகை. சுற்றிலும் தேவர்களும் மனிதர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வணங்குகிறார்கள்.

"இவற்றைத் திருப்பிக் கேட்கக் கூடாதா?" என்றாள்.

"1963-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. ம்யூஸியம் தன் பொருள்களை எளிதில் கொடுத்துவிட முடியாது."

"சட்டம் செய்தவர்களே அதை மாற்றலாமே!"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்க வேண்டியதுதான் என்பது என் கட்சியும். ஆனால் சரித்திரத்தின் மறுபக்கத்தையும் அவளுக்குச் சொன்னேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த ஸ்தூபியின் கற்களைப் பெயர்த்துக் கட்டடம் கட்டியவர் நம் நாட்டு ஜமீன்தார் ஒருவர். 1845-ல் வால்ட்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பிய சிற்பங்கள் பல வருஷம் வெட்டவெளியில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1859-ல்தான் கப்பலேறின. கொண்டுபோனவன் குற்றவாளி என்றால், கல்லென்று எண்ணி உடைத்தவனையும், வெயிலில் போட்டவனையும் என்னவென்று சொல்வது?

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம் வீட்டுப் பிள்ளையை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்பதற்காக, எடுத்துப் போனவர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா?" என்றாள். இருபது வருஷமாகச் சரித்திரம் போதித்தும், விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் அருகே பத்து வயசுப் பள்ளிக் குழந்தைகள் சிலர் தரையில் உட்கார்ந்து, பென்ஸிலும் காகிதமுமாக ஒரு தாமரை வட்டத்தை வரைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் வெள்ளைக் குழந்தைகளும் இருந்தார்கள். கறுப்புக் குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களுடைய உபாத்தியாயினி அவசரப்படுத்தவே இல்லை. அந்தக் காட்சியில் எனக்குப் பொறாமை உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை. அந்நகரில் நான் கண்ட மாளிகை எதுவும் அந்தப் பொறாமையை உண்டாக்கவில்லை.

அமராவதிச் சிற்பங்களின் மற்றொரு பெரும்பகுதி எங்கே இருக்கிறது, தெரியுமா? நம் சென்னை எழும்பூர் ம்யூஸியத்தில். மதங்கொண்ட நளகிரி யானை புத்தர்பிரான் காலடியில் மண்டியிடும் அற்புத வட்டச் சிற்பம் லண்டனில் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது. நான் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் நாட்களில், கூடத்தில் நாங்களும் காவற்காரரும் மட்டுமே இருந்ததுண்டு.

வசதியுள்ளவர்கள் லண்டனுக்கு அவசியம் போகட்டும். நிமிர்ந்து நடந்து, கண் திறந்து பார்த்து, நம்முடையதைக் கேட்கவும் செய்யட்டும். ஆனால் கேட்பவனுக்கு, கையில் இருப்பதைப் போற்றும் வழக்கமும் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பென்ஸில் வாங்கிக் கொடுத்து எழும்பூருக்கு அழைத்துப் போங்கள். இதற்கு விசாவும் வேண்டாம். மாமனாரிடம் கடனும் வேண்டாம்.