ஒருமுறை மட்டும் ஆடும் ஆட்டம்

சதுரங்கத்தை ‘முடித்துவிட்டேன்’ என்று யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? பல்லாங்குழியை ஆடித் தீர்த்துவிட்டதாக எண்ணி எந்தப் பாட்டியும் அதைப் பரண்மேல் போட்டதில்லை. ஆனால், கணினி விளையாட்டுகளுள் ஒருவகை உண்டு. அவற்றை ஒருமுறை முடித்தபின் மீண்டும் ஆட மனம் எழுவதில்லை. கதவு எங்கே இருக்கிறது, சாவி எதற்குள் ஒளிந்திருக்கிறது, இறுதியில் என்ன நேரும் என்பனவெல்லாம் தெரிந்துவிடுகின்றன. விடை தெரிந்த விடுகதையை ஒருவர் தமக்குத்தாமே போட்டுக்கொள்ள இயலாதன்றோ?

இக்குறை கணினி விளையாட்டின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. அமெரிக்கரான வில் கிரௌதர் கணினி வல்லுநர். குகைகளுக்குள் இறங்கி வரைபடம் வரைவதிலும் பேரார்வம் கொண்டவர். மணமுறிவால் தம் இரு மகள்களையும் பிரிந்திருந்த அவர், அவர்கள் ஆடி மகிழ்வதற்கென 1970களின் நடுவில் ஒரு விளையாட்டை எழுதினார். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத்தொடரில் அவர் நேரில் கண்ட பாதைகளே அதன் களமாயின. அதில் படமில்லை, ஒலியுமில்லை. எதிரே இருப்பதைக் கணினி எழுத்தால் கூறும். ‘வடக்கே செல்’, ‘விளக்கை எடு’ என்பனபோல ஆடுபவர் தட்டச்சு செய்ய வேண்டும். குகைக்கு வெளியே ஒரு சிறு கட்டடத்தில் அவ்விளக்கு கிடைக்கும். அதை எடுக்காமல் உள்ளே சென்றவர் இருட்டில் குழியில் விழ நேரும். பின்னர் டான் உட்ஸ் என்பவர் புதையல்களையும் புதிர்களையும் மேலும் சேர்த்து அதனை விரிவாக்கினார். ‘அட்வெஞ்சர்’ என்ற பெயரில் அது பல்கலைக்கழகக் கணினிகளில் பரவியது.

அதை ஆடியவர்களுள் கலிபோர்னியாவைச் சேர்ந்த மைக்கேல் டாய் ஒருவர். புதிர்கள் அவிழ்ந்தபின் ஆட்டத்தில் ஒன்றும் எஞ்சவில்லையே என்பது அவர் மனக்குறை. அவருக்கும் நண்பர் கிளென் விச்மனுக்கும் இன்னொரு கவலையும் இருந்தது. தாமே அப்படியொரு விளையாட்டை எழுதினால், விடைகள் முன்னரே தெரிந்திருக்கும். படைத்தவர் ஒருமுறைகூட அதைச் சுவைத்து ஆட முடியாது! எனவே, 1980ஆம் ஆண்டளவில் அவர்கள் உருவாக்கிய ‘ரோக்’ என்னும் விளையாட்டில், நிலவறைகளை ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக அமைத்தது. அறைகளும் வழிகளும் பொருள்களும் இடம் மாறின. படைத்தவரும் தம் படைப்புக்குள் வழிதவறலாம் என்றாயிற்று. இன்று சிறுவர் பலரும் விரும்பும் மைன்கிராஃப்ட் புதுப்புது உலகங்களைத் தோற்றுவிப்பதும் இந்நெறியால்தான்.

அங்ஙனமாயின் ஒருமுறை மட்டும் ஆடத்தக்கவை தாழ்ந்தவையா? 2014இல் லண்டன் நகரில் உருவாகிய ‘மான்யுமென்ட் வேலி’ பத்தே கட்டங்கள் கொண்டது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இடா என்னும் இளவரசி விந்தையான கோபுரங்களின்மீது நடக்கிறாள். எதிரே பாதை அறுந்து நிற்கிறது. கோபுரத்தைச் சற்றே திருப்பினால், தொலைவில் தனித்துக் கிடந்த படி அறுந்த பாதையோடு ஒட்டிக்கொள்கிறது! உண்மையில் நிகழவே முடியாத இக்காட்சி, எஷர் என்னும் ஓவியரின் படங்களை நினைவூட்டுவது. அந்த வியப்பு ஒருமுறைதான் வரும். இரண்டாம் முறை திருப்பும்போது அது வெறும் விரலசைவு.

இதில் பணமும் கலந்திருக்கிறது. ஸ்டீம் என்னும் இணைய அங்காடியில் விளையாட்டை வாங்கியவர், 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். ஏமாற்றப்பட்டவர்க்கு இது நல்ல காப்பு. ஆனால் ஒன்றரை மணி நேர விளையாட்டை முழுதும் ஆடி, பாராட்டும் எழுதிவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்களும் உளர். அதனால் மனமுடைந்து, 2021இல் ஒரு சிறு தயாரிப்பாளர் இத்தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். திரைப்படத்தை இறுதிவரை பார்த்துவிட்டு நுழைவுச்சீட்டின் விலையைத் திருப்பிக் கேட்பவர் உண்டோ? எனினும், ஒரே மாலையில் தீர்ந்துவிடும் பொருளுக்கு இவ்வளவு விலையா என்று தயங்கும் தாய் தந்தையரையும் குறைசொல்வதற்கில்லை. வீட்டுச் செலவு அவர்களுக்கல்லவா தெரியும்!

ஆயினும் முடிந்த ஆட்டம் வீட்டில் வேறொருவருக்கு முடியாததாகவே இருக்கிறது. அண்ணன் ஆடி முடித்ததைத் தங்கை தொடங்குகிறாள். அவன் அவளுக்குப் பின்னால் நிற்கிறான். கோபுரத்தை எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவன் நாக்கின் நுனியில் நிற்கிறது. “சொல்லாதே அண்ணா!” என்று அவள் திரும்பிப் பாராமலே அதட்டுகிறாள். அவனும் வாயைப் பொத்திக்கொண்டு, அவள் கண்கள் விரியும் நொடிக்காகக் காத்திருக்கிறான். விடுகதையில் விடை அறிந்தவர்க்குக் கிடைக்கும் இன்பம் இதுவே.

ராபர்ட்டா வில்லியம்ஸ் என்னும் பெண்மணி 1970களின் இறுதியில் அட்வெஞ்சரை விடாது ஆடி முடித்தார். அதுபோல் வேறொன்றைத் தேடியும் மனநிறைவு தருவது கிடைக்கவில்லை. எனவே, கணவர் கென் வில்லியம்ஸுடன் சேர்ந்து, படங்களோடு கூடிய ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்னும் விளையாட்டை 1980இல் தாமே வெளியிட்டார். பிறகு பல விளையாட்டுகளைப் படைத்து ஓய்வும் பெற்றார். 2023இல், எழுபதை நெருங்கிய அகவையில், கணவருடன் மீண்டும் அந்தப் பழைய குகைக்கே திரும்பி, அதனை முப்பரிமாணக் காட்சியாகக் கட்டி எழுப்பினார். அதன் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும். அங்கே முதன்முறை நுழையப்போகும் யாரோ ஒருவருக்காக, விளக்கு அந்தச் சிறு கட்டடத்தில் காத்திருக்கிறது.