13.5 கோடி ரூபாய் கூட்டல் தப்பு

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை. ஆனால் டேலி ஆகவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருப்பது நிச்சயம். காமர்ஸ் படிக்கிற எல்லோருக்கும் முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றுகிற பாடம் இது. அந்தப் பாடத்தை ஒரு ஹைகோர்ட் தீர்ப்பை வைத்தும் நடத்தலாம். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைத்தான் சொல்கிறேன். பயப்படாதீர்கள், அரசியல் பேசப் போவதில்லை. அப்பீல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சினிமாவில் அப்பீல் என்றால் கடைசி நிமிஷத்தில் புது சாட்சி மூச்சிரைக்க ஓடி வருவார். நிஜத்தில் அப்படி இல்லை. அப்பீல் கோர்ட் புது சாட்சியை விசாரிப்பது அபூர்வம். கீழ்க்கோர்ட்டில் பதிவான அதே சாட்சியம், அதே ஆவணங்களை மறுபடி முதலிலிருந்து எடைபோடுவார்கள். நம் பாஷையில் சொன்னால் ரீ-ஆடிட். வவுச்சர் எல்லாம் பழையதுதான், பார்க்கிற கண் மட்டும் புதுசு.

அனகாபுத்தூர்க்காரர் ஒருவருக்கு செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை கொடுத்தால், சாதாரணமாக 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டே தண்டித்தால் ஹைகோர்ட்டுக்கு 60 நாள். அப்பீல் போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது. அதை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது வழக்கு. 27.9.2014 அன்று பெங்களூரு தனிக்கோர்ட் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு பேருக்கும் 4 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தார். ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. ஜாமீனைக் கர்நாடக ஹைகோர்ட் மறுக்க, அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்தது. 11.5.2015 அன்று ஹைகோர்ட் நீதிபதி சி.ஆர்.குமாரசாமி எல்லோரையும் விடுதலை செய்தார்.

எப்படி? அதே ஆவணங்களுக்கு அவர் வேறு மதிப்புப் போட்டார். 1995-ல் நடந்த அந்தப் பிரம்மாண்ட கல்யாணச் செலவைக் கீழ்க்கோர்ட் 3 கோடி என்றது, இவர் 28.68 லட்சம் என்றார். இதெல்லாம் சரியா தப்பா என்று வாதாடலாம். ஆனால் இப்படி மதிப்பை மாற்ற அப்பீல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கடைசியில் அவர் போட்ட கணக்கு இது:

சொத்து 37,59,02,466 ரூபாய்.
வருமானம் 34,76,65,654 ரூபாய்.
அதிகப்படி 2,82,36,812 ரூபாய். அதாவது வருமானத்தில் 8.12 சதவீதம்.

பத்து சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம் என்பதற்கு ஒரு பழைய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை எடுத்துக்காட்டினார். விடுதலை.

சிக்கல் வருமானப் பக்கத்தில். வாங்கிய கடன்கள் என்று ஒரு பட்டியல். மொத்தம் 24,17,31,274 என்று போட்டிருந்தது. பட்டியலில் உள்ள தொகைகளைக் கூட்டினால் வருவது 10,67,31,274. பதிமூன்றரைக் கோடி வித்தியாசம்! இதைச் சரிசெய்தால் வருமானம் 21.26 கோடியாகிறது, அதிகப்படி 16.32 கோடியாகிறது. சதவீதம் 8-லிருந்து 76-க்கு மேல் போகிறது. கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பாருங்கள்.

தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு அதே கோர்ட் அதை மாற்றக் கூடாது என்பது சட்டம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் இங்கே கூட்டலைத் திருத்தினால் விடுதலைக்குச் சொன்ன காரணமே போய்விடும். அதைச் சின்னத் திருத்தம் என்று எப்படிச் சொல்வது? ஜூன் 2015-ல் கர்நாடக அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஆம், விடுதலையை எதிர்த்தும் அப்பீல் உண்டு. 14.2.2017 அன்று நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் இருவரும் முழுக் கணக்கையும் திரும்பப் பார்த்து, கீழ்க்கோர்ட் தண்டனையை உறுதி செய்தார்கள். சசிகலா, இளவரசி, சுதாகரன் ஜெயிலுக்குப் போனார்கள். 5.12.2016 அன்றே ஜெயலலிதா இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போனது.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தக் கூட்டலை நாடே உட்கார்ந்து சரிபார்த்தது. பெரிய வக்கீல்கள் இருந்தார்கள், ஹைகோர்ட் தீர்ப்பும் எட்டு மாதத்துக்குள் வந்தது. பேர் தெரியாத ஒரு கைதியின் தீர்ப்பில் இப்படி ஒரு தப்பு இருந்தால் யார் பார்ப்பார்கள்? அலகாபாத் ஹைகோர்ட்டில் அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்தவர்களைப் பற்றி 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே கவலைப்பட்டது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சிறையில் இருப்பவர் சிறை அதிகாரியிடமே அப்பீல் மனு கொடுக்கலாம். 1987 சட்டப்படி காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் தெருவில் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லிவையுங்கள். எவ்வளவு பெரிய ஆடிட்டர் போட்ட கணக்கையும் இன்னொருவர் கூட்டிப் பார்க்கலாம் என்கிற உரிமைக்குப் பெயர்தான் அப்பீல். அது கூட்டிப் பார்க்க ஆள் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைத்தால் போதாது.