மூட்டையில் வந்த மெஷின்

எந்தச் சாமானையும் பிரித்துப் போட ஒரு திருப்புளி இருந்தால் போதும். அதைப் பழையபடி சேர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும். கடிகாரமாகட்டும், கிரைண்டராகட்டும், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தையல் மெஷினுக்கோ நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆனால் நம் வீடுகளில் ஒரு வேடிக்கை பாருங்கள். பிரித்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சேர்த்துக் கொடுப்பவர் கூலி சொன்னதும் மட்டும் எல்லோருக்கும் மூக்கின் மேல் விரல் போய்விடுகிறது.

என் நாத்தனாரின் மகள் ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனாள். பொழுதுபோக்குக்காக அல்ல. மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு. இரண்டு குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, எல்லாம் கண் முன்னால் நின்றன. வீட்டிலிருந்தபடியே ரவிக்கை தைத்துக் கொடுத்தால் பாதிச் செலவாவது கழியும் என்று அவளுக்கு எண்ணம். புது மெஷின் வாங்கக் கையில் பணமில்லை. அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி, காலமாகிவிட்ட ஒரு தையற்காரரின் மெஷின் விலைக்கு வந்தது.

பழைய ஸிங்கர். அந்தத் தையற்காரர் வைத்துப் பிழைத்த மெஷின். அவர் மகன், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி நல்ல விலைக்கு விற்கலாமென்று அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியிருக்கிறான். கழற்ற வந்ததே தவிர, சேர்க்க வரவில்லை. "இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுத்துவிட்டான். மெஷினின் தலை ஒரு கோணிப்பையில் வந்தது. ஸ்குரூ, ஸ்பிரிங், தகடு, கம்பி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்தன.

"எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரிகிறது, மாமி. சேர்க்க வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

என் பிள்ளை உடனே செல்போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "வீடியோவில் எல்லாம் இருக்கிறதம்மா. ஒரு மணி நேரத்தில் சேர்த்துக் காட்டுகிறேன்" என்றான். டப்பாவின் மேல் கை வைக்காதே என்று அவனைத் தடுத்துவிட்டு, மறுநாள் காலையில் நானும் அவளுமாக ஆட்டோ பிடித்தோம்.

திருவல்லிக்கேணியில் ஒரு சந்து. அதில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு கடை. அங்கே உட்கார்ந்திருந்த பாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கோணிப்பையை அவிழ்த்தார். ஒரு பழைய செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். கால் மணி நேரம் ஒரு பேச்சில்லை. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிக் கூறு கட்டினார். காய்கறிக் கடையில் நாம் வெண்டைக்காய் பொறுக்குவது போல இருந்தது. கடைசியில் தலை நிமிர்ந்தார்.

"மூணு சாமான் இல்லைம்மா. ரெண்டு ஸ்குரூ இந்த மெஷினோடதே இல்லை. வேற எதுலேர்ந்தோ வந்து கலந்திருக்கு" என்றார்.

எங்களுக்கு எல்லா ஸ்குரூவும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "எப்படித் தெரியும், பாய்?" என்றேன். ஒரு ஸ்குரூவை எடுத்து மெஷினில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மேலே போகவில்லை. இந்தக் கம்பெனி தன் ஸ்குரூக்களுக்குத் தனி மரை வைத்திருந்ததாம். இரும்புக் கடையில் வாங்குவது சேராதாம். பலவந்தமாக முடுக்கினால் மெஷினின் மரையே தேய்ந்து போகுமாம். என் பிள்ளை முடுக்கியிருப்பான்!

பிறகு அடித்தட்டில் பொறித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்தார். 'ஒய்' என்ற எழுத்தில் ஆரம்பித்தது. அப்படி இருந்தால் அது ஸ்காட்லாந்து தேசத்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தது. 1920களிலோ 1930களின் முற்பகுதியிலோ பிறந்தது. அந்தத் தொழிற்சாலையையே 1980-ல் மூடிவிட்டார்கள். மெஷின் மட்டும் இன்னும் தைக்கத் தயாராக இருக்கிறது.

இந்த மெஷினுக்கு மகாத்மா காந்தியின் சிபாரிசும் உண்டு. யந்திரங்களைப் பற்றி 1924-ல் பேசும்போது, ஸிங்கர் தையல் மெஷினை அவர் ஒரு விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அன்பினால் ஸிங்கர் அதை உண்டாக்கினார் என்பது அவருடைய எண்ணம். 1851-ல் தம் மெஷினுக்குக் காப்புரிமை பெற்ற ஐசக் ஸிங்கரின் சரித்திரத்தைப் படித்தால் நமக்குச் சற்று இடிக்கிறது. அந்த மனிதருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள். குழந்தைகள் மட்டும் இருபதுக்கு மேல்! எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்து உருகினாரோ தெரியவில்லை. எப்படியோ, நமக்கு மெஷின் கிடைத்தது.

பாய் கணக்குச் சொன்னார். இல்லாத சாமானுக்குத் தனியாக முந்நூறு ரூபாய். சேர்த்துக் கொடுக்கக் கூலி ஆயிரத்தைந்நூறு. மூன்று நாள் ஆகும்.

அவள் முகம் சுண்டிவிட்டது. என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மாமி, மெஷினே இரண்டாயிரம்தான். திருகிக் கொடுக்க ஆயிரத்தைந்நூறா? ஒன்றாந்தேதி வரைக்கும் கையில் இருப்பதே இரண்டாயிரத்துச் சொச்சம். அதைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறமும் மெஷின் ஓடாவிட்டால் நான் அவருக்கு என்ன பதில் சொல்வேன்?" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது.

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். அதனால் உள்ளே போய்ப் பாயிடமே கேட்டேன். "கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆயிரத்தைந்நூறு எதற்கு என்று இந்தப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்."

அவருக்குக் கோபம் வரவில்லை. யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டது போல் முகம் மலர்ந்துவிட்டது. ஊசிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஊசி துணிக்குள் இறங்கி, அடி வரைக்கும் போய், மறுபடி மேலே கிளம்புகிறது. கிளம்பி ஒரு நெல்மணி அகலம்கூட ஏறியிருக்காது. அதற்குள் அதன் நூல் சின்ன வளையமாகப் புடைக்கும். அந்த ஒரு க்ஷணத்தில் கீழேயிருந்து ஷட்டிலின் கூர்முனை வந்து வளையத்துக்குள் நுழைந்து, அதை பாபினைச் சுற்றி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொண்டு ஒரு தையல் விழும். கூர்முனை கொஞ்சம் முந்தினாலும் வளையம் இருக்காது. பிந்தினாலும் இருக்காது. தையல் தவறும், நூல் அறுந்து போகும், ஊசி ஒடியும்.

"ஊசிக் கம்பியைப் பிடிச்சிருக்கிற ஸ்குரூ ஒண்ணுதாம்மா. அதைக் கழட்டிட்டாங்க. எந்த உயரத்துல நிறுத்தணும்னு இப்போ கைதான் சொல்லணும்" என்றார் பாய்.

இன்னொன்றும் காட்டினார். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனில் இரண்டு வட்டத் தகடுகள் உண்டு. குழிந்த பக்கம் வெளியே பார்க்க, புடைத்த பக்கங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். பார்ப்பதற்கு எப்படி வைத்தாலும் சரியாகத்தான் தோன்றும். திருப்பி வைத்துவிட்டால் நூல் ஒழுங்காக ஓடாது. போதாக்குறைக்கு, யாரோ தேங்காயெண்ணெயை ஊற்றி வைத்திருந்தார்கள். அது பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. முதல் நாள் முழுவதும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைப்பதற்கே சரியாகிவிடும் என்றார்.

நான் ஒன்று யோசித்துப் பார்த்தேன். துப்பாக்கி செய்தவர்களும் தையல் மெஷின் செய்தவர்களும் ஒரு வகையில் பங்காளிகள். ஸ்வீடனில் 1689-ல் துப்பாக்கிப் பட்டறையாக ஆரம்பித்த ஹஸ்க்வர்னா, 1872-ல் தையல் மெஷின் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் ரெமிங்டன் என்ற துப்பாக்கிக் கம்பெனியும் தையல் மெஷின் செய்தது. ஸிங்கர் கம்பெனியே 1940-41ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஐந்நூறு கைத்துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. இரண்டிலும் வேலை ஒன்றுதான். சின்னச் சின்ன இரும்புத் துண்டுகள், மயிரிழை பிசகாமல், ஒன்றன்பின் ஒன்றாக அசைய வேண்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம். கழற்றிப் போட்ட பழைய துப்பாக்கி ஒன்று நம் கைக்கு வந்தால், அதை நம் பிள்ளையிடம் கொடுத்து வீடியோ பார்த்துச் சேர்க்கச் சொல்வோமா? நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, அதைத் தொழிலாகப் பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அவர் கேட்கிற கூலியை யாரும் 'திருகுவதற்கா' என்று கேட்க மாட்டார்கள். தையல் மெஷின் பார்க்கிறவருக்கு லைசென்ஸும் கிடையாது, மரியாதையும் கிடையாது. துப்பாக்கி தவறினால் உயிர் போகும் என்று எல்லோருக்கும் பயம். மெஷின் தவறினால் ஒரு வீட்டின் அடுப்பு அணையும் என்பது மட்டும் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

என் நாத்தனார் மகள் அதுவரை நின்றுகொண்டு கேட்டவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "செய்யுங்கள், பாய்" என்றாள். பாயும் விட்டுக்கொடுத்தார், கூலியில் அல்ல, தவணையில். "இப்போ சாமானுக்கு மட்டும் குடுங்க. தெச்சுப் பார்த்துட்டுப் பாதி. மீதி அடுத்த மாசம்" என்றார்.

மூன்றாம் நாள் போனோம். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் கோத்து வைத்திருந்தார். வேண்டுமென்றே டென்ஷனைத் தளர்த்தி ஓட்டினார். துணியின் அடியில் சிவப்பு நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். சிவப்பு மேலேயே நின்றது. வெள்ளை கீழேயே நின்றது. முடிச்சு துணியின் நடுவில் ஒளிந்துகொண்டது. அவளை உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். நான்கு மடிப்புத் துணியில் ஒரு முழ நீளத்துக்கு ஓட்டினாள். ஒரு தையல் தவறவில்லை.

"இந்த ரெண்டு ஸ்குரூவையும் நீங்க தொடவே கூடாது. இந்த ஏழு இடத்துலயும் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் தலைக்குத்தான்" என்று பாடம் நடத்தி அனுப்பினார்.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. ரவிக்கைக்கு நூற்றைம்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பாயின் கூலி பத்து ரவிக்கை. மூன்று வாரத்தில் பத்தும் தைத்துவிட்டாள். பாக்கிக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை. தானே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது அந்தத் தெருவில் ஐந்தாறு வீட்டுத் துணி அவளிடம்தான் வருகிறது.

சகோதரிகளே, பழைய மெஷின் மலிவாக வருகிறதென்றால் தாராளமாக வாங்குங்கள். கழற்றிய நிலையில் வந்தால், விலை பேசுமுன் சேர்க்கிற கூலியையும் அதோடு கூட்டிப் பாருங்கள். அடித்தட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குப்பை என்று தோன்றுகிற ஸ்பிரிங்கைக்கூட எறியாமல் ஒரே டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். மெக்கானிக்கிடம் சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். என்ன செய்யப் போகிறார் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகவே சொல்வார். எடுக்கப் போகும்போது உங்கள் துணியைக் கொண்டுபோய், நீங்களே உட்கார்ந்து தைத்துப் பாருங்கள்.

தையல் சரியாக விழுந்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள். பாயின் இரண்டு பிள்ளைகளும் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஸ்டூலில் அடுத்தாற்போல் உட்கார ஆள் இல்லை.