விதையில்லாக் குங்குமமும் எங்கள் வீட்டு மணிப்புறாவும்

குறோக்கஸ் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழர் இல்லங்களிலும் அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பூவின் இழைகள் சிறு கண்ணாடிக் குப்பியொன்றில் பத்திரமாக இருக்கும். பாயசத்துக்கு இரண்டு இழை, கருவுற்ற பெண்ணின் பாலுக்கு இரண்டு இழை என்று நாம் எண்ணி எண்ணிச் செலவிடும் குங்குமப்பூ, குறோக்கஸ் சட்டைவஸ் என்ற செடியின் சூலகமுடியே ஆகும். ஒரு பூவில் மூன்று இழைகளே உண்டு. உலர்ந்த குங்குமப்பூ ஒரு கிராம் பெறுவதற்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். இத்துணை அருமை வாய்ந்த செடியின் உறவினர்களோ, மாசி மாதக் குளிரில், இலண்டன் பூங்காக்களின் புல்வெளியெங்கும் ஊதாவும் மஞ்சளும் வெண்மையுமாகக் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கின்றன.

எங்கள் வீட்டுப் பின்வளவில் இவற்றுள் சில இனங்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். வளர்ப்பது கடினமன்று. புரட்டாதி மாதத்தில் கிழங்குகளை மூன்று அங்குல ஆழத்தில் நட்டு, நீர் தேங்காதபடி பருமணல் கலந்துவிட்டால் போதும். இக்கிழங்கு வெங்காயம் போல மடல் மடலாக இராது. அறுத்துப் பார்த்தால் கருணைக்கிழங்கைப் போல ஒரே திண்மமாகக் காணப்படும். ஆண்டுதோறும் பழைய கிழங்கு வற்றிப்போக, அதன் தலைமேல் புதிய கிழங்கு உருவாகிறது. அவ்வாறாயின் சில ஆண்டுகளில் கிழங்கு மண்ணுக்கு மேலே வந்துவிட வேண்டுமல்லவா? வருவதில்லை. புதிய கிழங்கிலிருந்து புறப்படும் தடித்த வேர்கள் தாமே சுருங்கி, அதனைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்கின்றன. இதனை முதன்முதலில் தோண்டிப் பார்த்தபோது நான் அடைந்த வியப்பு இன்னும் தீரவில்லை. அணில்கள்தாம் பெருந்தொல்லை. நம் ஊர் அணிலைப் போல முதுகில் மூன்று கோடு தாங்கிய சாதுவன்று இந்நாட்டுச் சாம்பல் அணில். நட்ட அன்றே கிழங்கைக் கிளறி எடுத்துவிடும். ஆதலால் சாடிகளின்மேல் கம்பிவலை இடுகிறேன். தொமசினியானஸ் என்னும் மெல்லிய ஊதா இனத்தை மட்டும் அவை பெரும்பாலும் தொடுவதில்லை. அது தானாகவே விதை சிந்தி, நடைபாதைக் கற்களின் இடுக்கிலும் முளைத்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டு, அப்போது ஒன்பது வயதாயிருந்த என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். தமிழ்ப்பள்ளியில் பூவின் பகுதிகளைப் படித்திருந்த காலம் அது. கேசரம், சூலகம் என்ற சொற்கள் அவள் வாயில் புதிதாக விளையாடிக்கொண்டிருந்தன. “அப்பா, இது இவ்வளவு விதை போடுகிறதே, குங்குமப்பூவின் விதையை ஏன் நாங்கள் எடுத்து விதைக்கக்கூடாது?”

விதை இருந்தால் அல்லவா எடுப்பதற்கு! உயிர்க்கலங்களில் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் பெரும்பாலான உயிர்களில் இரு தொகுதிகளாக அமைந்திருக்கும். ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. குங்குமப்பூச் செடியிலோ எட்டு எட்டாக மூன்று தொகுதிகள், ஆக 24 உள்ளன. மகரந்தமும் சூலும் உருவாகுமுன் அவை சோடி சோடியாக நின்று பிரிதல் வேண்டும். மூவர் கூடி இருவர் இருவராகக் கைகோக்க முயன்றால் ஒருவர் தனித்து நிற்பாரன்றோ? அக்குழப்பத்தால் செடி மலடாகிறது. நாம் உண்ணும் வாழைகளுள் பெரும்பாலானவையும் இத்தகைய முத்தொகுதிச் செடிகளே. அதனாலேயே குட்டி பிரித்து நடுகிறோம். வாழையடி வாழை என்பது போலக் குங்குமப்பூவும் கிழங்கடிக் கிழங்காகவே வந்திருக்கிறது. கிரேக்க நாட்டில் காடாய் விளையும் ஓர் இனத்திலிருந்து, ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதியிலேயே இது தோன்றியது என்று 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. ஈரானிலும் காஷ்மீரத்துப் பாம்பூரிலும் ஸ்பெயினின் லாமஞ்சாவிலும் பூப்பவை யாவும் ஏறக்குறைய ஒரே செடியின் துண்டுகள் எனலாம். மனிதக் கைகள் கிழங்கைப் பிரித்துப் பிரித்து நடாதிருந்தால் அது என்றோ மறைந்து போயிருக்கும்.

இவ்விடத்தில் மாணவச் செல்வங்களுக்கு ஓர் எச்சரிக்கை. குங்குமப்பூச் செடி ஐப்பசி மாதத்தில் பூப்பது. அதற்குச் சற்று முன்னரே, இலையின்றி, அதே தோற்றத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடியைப் பலர் இலையுதிர்காலக் குறோக்கஸ் என்று தவறாக அழைப்பர். அது கொடிய நஞ்சு. நம் கார்த்திகைப் பூவும் அச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. கார்த்திகைக் கிழங்கிலுள்ள நஞ்சும் அதே நஞ்சுதான். கேசரங்களை எண்ணிப் பாருங்கள். குறோக்கஸில் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. எண்ணிப் பார்த்தபின்னரும் வளவில் கண்ட எதையும் வாயில் வைத்துவிடாதீர்கள்.

குங்குமப்பூவில் இயலாததை வேறு இனங்களில் செய்து பார்ப்போம் என்று மகளும் நானும் முடிவு செய்தோம். இலண்டனின் வடக்கே என்பீல்டில் மிடில்ற்றன் இல்லத்தில் வாழ்ந்த ஈ. ஏ. போல்ஸ் (1865–1954) இத்துறையின் முன்னோடி. தோட்டக்கலையில் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர் அவர். கிறிசாந்தஸ் போன்ற சிறிய குறோக்கஸ் இனங்களை விதையிலிருந்து வளர்த்து, நாற்றுக்களுள் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றுக்குப் பறவைகளின் பெயர்களைச் சூட்டினார். அவற்றுள் ‘ஸ்னோ பன்டிங்’ என்ற வெண்பூ இன்றும் விற்பனைக்கு உண்டு. அவருடைய தோட்டத்தைப் பொதுமக்கள் இன்றும் சென்று பார்க்கலாம்.

பூசணியின் ஆண்பூவைக் கொய்து பெண்பூவில் ஒற்றும் வழக்கம் நம் பெற்றோர் பலருக்குத் தெரியும். குறோக்கஸில் வேலை சற்று நுண்ணியது. ஆணும் பெண்ணும் ஒரே பூவினுள் இருப்பதே காரணம். பொன்மஞ்சள் கிறிசாந்தஸைத் தாயாகவும், வெளிப்புறம் சாம்பல்நீலம் படிந்த வெள்ளைப் பைபுளோறஸைத் தந்தையாகவும் கொண்டோம். தாய்ச்சாடியைத் தேனீ புகாத முன்மண்டபத்தில் வைத்து, மொட்டு விரியுமுன்னரே இடுக்கியால் மூன்று மகரந்தக்கூடுகளையும் அகற்றினோம். மறுநாள் நண்பகல் வெயிலில் தந்தைப் பூ விரிந்ததும், நீர்வர்ணத் தூரிகையால் அதன் மகரந்தத்தை எடுத்துச் சூலகமுடியில் மகள் பூசினாள். என் கையைவிட அவள் கை நடுங்காதது.

பூ வாடியதும் எதுவுமே நடவாதது போலத் தோன்றும். குறோக்கஸின் சூலகம் மண்ணுக்குள்ளேயே மறைந்திருப்பது. நாம் தண்டு என்று கருதுவது உண்மையில் பூவின் நீண்ட குழாய். வைகாசி பிறந்தபின்னரே விதைக்கூடு மெல்ல மேலெழுந்து மண்மட்டத்தில் தலைகாட்டும். அது வெடிக்குமுன் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் எறும்புகள் விதைகளைச் சுமந்து சென்றுவிடும். எங்களுக்குப் பதினொரு விதைகள் கிடைத்தன. இதுவே பெரும்பேறு. குறோக்கஸ் இனங்களில் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை 6 முதல் 60க்கும் மேல் வரை வேறுபடும். ஒரே இனத்துக்குள்ளும் வேறுபடும். ஆதலால் பல கலப்புகள் ஒரு விதையும் தருவதில்லை.

அந்தப் புரட்டாதியில் விதைத்தோம். அடுத்த மாசியில் ஏழு முளைத்தன. ஒவ்வொன்றிலும் புல்லிதழ் போன்ற ஒற்றை இலை. அதன் கீழே பயறளவு கிழங்கு. பின்னர் காத்திருத்தலன்றி வேறு வேலையில்லை. மகள் சில காலம் நாள்தோறும் பார்த்தாள், பிறகு வாரந்தோறும், பிறகு மறந்தே போனாள். இரண்டு நாற்றுக்கள் அழுகின. 2020ஆம் ஆண்டு மாசியில் மூன்று பூத்தன. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

உண்மையைச் சொன்னால், முதலிரண்டும் அழுக்கு மஞ்சள் நிறம். பெற்றோர் இருவரினதும் அழகு எதுவும் அவற்றில் இல்லை. கலப்பினங்களுட் பெரும்பாலானவை இப்படித்தான் அமையும், வளர்ப்பவனின் திறமை கழித்துவிடுவதில்தான் இருக்கிறது என்றேன். “அதற்காக எறிய வேண்டுமா?” என்று கேட்டாள். எறியவில்லை, வேலியோரம் நட்டாள். அவை இன்றும் ஆண்டுதோறும் அழுக்கு மஞ்சளாகவே பூக்கின்றன.

மூன்றாவது பூ வேறு விதம். உள்ளே பாலாடை நிறம், அடியில் தாயின் பொன்மஞ்சள், இதழ்களின் வெளிப்புறம் புறாவின் கழுத்தைப் போன்ற ஊதாச் சாம்பல். போல்ஸ் வழியில் பறவைப் பெயர்தான் வேண்டும், ஆனால் தமிழில் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ‘மணிப்புறா’ என்று பெயரிட்டாள். ஊரில் அப்பம்மா வீட்டு முற்றத்தில் அவள் கண்ட பறவை அது.

ஒற்றைக் கிழங்கு ஐந்து ஆண்டுகளில் ஒன்பதாகப் பெருகியது. 2025 புரட்டாதியில் மகள் பல்கலைக்கழகம் சென்றபோது, நான்கு கிழங்குகளைக் காகிதப் பையில் இட்டு, ‘மூன்று அங்குல ஆழம், கம்பிவலை மறவாதே’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் விடுதி அறையின் சாளரத்துக்கு வெளியே அவை அடுத்த மாசியில் பூத்ததைப் படமெடுத்து அனுப்பினாள். எங்கள் வளவில் அவ்வாண்டு குளிர் அதிகம். இங்குள்ள ஐந்தும் பத்து நாள் பிந்தியே விரிந்தன.